கனவுகளைக் கணக்கெழுதிய சுல்தான்

மைசூர்ப் புலி என்று சரித்திரம் போற்றும் திப்பு சுல்தான் ஷஹீது அவர்களை வாளேந்திய வீரராகவே நம்மில் பலர் அறிவர். அன்னார் இரவில் கண்ட கனவுகளைத் தம் கைப்பட எழுதிப் பாதுகாத்து வந்தவர் என்பதை அறிந்தோர் சிலரே.

கனவு காணும்போதே இது கனவுதான் என்னும் உணர்வோடு இருக்க முடியுமா, அதை அடிக்கடி அடையப் பழகலாமா என்று இன்றைய இளைஞர்கள் ஆவலுடன் வினவுகின்றனர். மார்க்கம் அறிந்தோரிடமும் இக்கேள்வி வருகிறது. இதற்கு விடை தேடுவோருக்குச் சுல்தான் அவர்களின் வாழ்வில் ஒரு படிப்பினையும் இருக்கிறது. ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது.

திண்டுக்கல்லும் திப்புவும்

சுல்தானின் தந்தை ஹைதர் அலீ அவர்கள் 1755-ஆம் ஆண்டில் திண்டுக்கல்லின் பவுஜ்தாராக நியமனம் பெற்றார்கள். தென்கிழக்கே சிறுமலைத் தொடர் தெரிய, சமவெளியின் நடுவே தனித்து நிற்கும் அந்தப் பாறைக் கோட்டையில்தான் ஹைதரின் உயர்வு தொடங்கிற்று எனலாம். பேகம்பூரில் அடங்கியிருக்கும் அமீருன்னிஸா பேகம் ஹைதரின் தங்கை என்பது அவ்வூரார் வழிவழியாகச் சொல்லி வருவது.

திப்பு தேவனஹள்ளியில் பிறந்தார். ஆற்காட்டில் அடங்கியிருக்கும் திப்பு மஸ்தான் வலியுல்லாஹ்வின் பெயரே குழந்தைக்குச் சூட்டப்பட்டது. 1782 டிசம்பரில் தந்தை மறைய, அரசுப் பொறுப்பு மகன் தோளில் விழுந்தது. போர்க்களமும் ஆட்சியும் போக, நூல்களிலும் அவருக்குப் பெருவிருப்பம் இருந்தது. சுமார் 2000 சுவடிகள் கொண்ட நூலகம் ஒன்று அவரிடம் இருந்தது.

படுக்கையறையில் கிடைத்த ஏடு

1799 மே 4-ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டை வீழ்ந்தது. சுல்தான் போரிட்டுக்கொண்டே ஷஹீதானார். அதன்பின் அரண்மனையைச் சோதித்த கர்னல் கிர்க்பாட்ரிக், படுக்கையறையில் இருந்த அந்தரங்கக் காகிதங்களிடையே ஒரு சிறு ஏட்டைக் கண்டெடுத்தார். உடனிருந்த முன்ஷி ஹபீபுல்லாஹ்வுக்கு அப்படியோர் ஏடு உண்டு என்பது தெரியும். உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரியாது. சுல்தான் அதில் எழுதும்போதோ படிக்கும்போதோ யாராவது வந்தால் உடனே மறைத்துவிடுவாராம்.

ஏட்டைத் திறந்தபோது அதில் 37 கனவுகள் பார்சி மொழியில் எழுதப்பட்டிருந்தன. 1785 அளவில் தொடங்கி 1799-இன் தொடக்கம் வரை கண்டவை அவை. 1800-இல் அது லண்டனுக்குப் போயிற்று. இன்றும் அங்கே பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. மஹ்மூத் ஹுஸைன் என்னும் அறிஞர் அதை ஆங்கிலத்தில் பெயர்க்க, 1957-இல் கராச்சியில் நூலாக வெளிவந்தது.

அவர் எழுதிய முறை

சுல்தான் மனம்போன போக்கில் கிறுக்கி வைக்கவில்லை. தாமே ஏற்படுத்திய மவ்லூதி ஆண்டுக் கணக்கில் தேதி குறித்தார். தங்கியிருந்த இடத்தைப் பல கனவுகளுக்குக் குறித்தார். கண்டதை முதலில் எழுதினார். அதற்குத் தாம் கொண்ட பொருளைப் பிறகு எழுதினார். கண்டது வேறு, கருதியது வேறு என்னும் இந்தப் பாகுபாடு மிகவும் கவனிக்கத்தக்கது.

ஒரு சமயம் சலாமாபாத் என்று அவர் பெயரிட்டிருந்த சத்தியமங்கலத்தில் பாளையம் இறங்கியிருந்தார். அந்தி மயங்கிய பின் தம் மனத்தை அழுத்திய காரியத்தைச் சொல்லி அல்லாஹ்விடம் துஆ கேட்டு உறங்கினார். அன்றிரவு கண்ட கனவை ஏட்டில் பதிந்தார். உறங்குமுன் நாட்டம், விழித்தபின் பதிவு என்னும் இரண்டும் அவரிடம் இருந்தன.

பழுதடைந்த கோயிலொன்றில் சிலைகள் கண்ணசைத்துப் பேசியதாக ஒரு கனவு. இறைவனைத் துதித்தபடியே இருக்குமாறு அவற்றிடம் கூறிவிட்டு, கட்டடத்தைச் செப்பனிடும்படி தம் ஆட்களுக்கு உத்தரவிட்டதாக அதில் எழுதியிருக்கிறார். 1786-இல் சவனூர் அருகே மராட்டியப் படை மீது இரவுத் தாக்குதலுக்கு ஆயத்தமான வேளையில், ஆண் உடையில் வந்த ஒருவர் பெண்ணாக மாறியதைக் கனவில் கண்டு, எதிரிகள் வலுவிழப்பர் என்று பொருள் கொண்டார். அம்முறை வெற்றியும் கிட்டிற்று.

இக்கால ஆராய்ச்சி சொல்வது

கனவிலேயே கனவென்று உணர்வது மெய்தான் என்பதை 1975-இல் இங்கிலாந்தின் ஹல் நகரில் கீத் ஹெர்ன் என்பவர் நிரூபித்தார். உறங்குபவர் முன்பே பேசி வைத்தபடி கண்களை இடமும் வலமும் அசைத்துக் கனவுக்குள்ளிருந்தே குறிப்புக் காட்டினார். கருவி அதைப் பதிந்தது. பின்னர் அமெரிக்காவில் ஸ்டீபன் லபெர்ஜ் இதைப் பழகும் வழியை வகுத்தார். அவ்வழியின் முதற்படி என்ன தெரியுமா? விழித்தவுடன், வேறெந்த எண்ணமும் புகுமுன், கனவை எழுதிவிடுவதுதான்! நாளடைவில் தம் கனவுகளில் திரும்பத் திரும்ப வரும் அடையாளங்கள் ஒருவருக்குப் பிடிபடுகின்றன. அடுத்தபடியாக, ஐந்து மணி நேரம் போல் உறங்கி எழுந்து, இனிக் கனவு வந்தால் கனவென்று நினைவுகூர்வேன் என உறுதிகொண்டு மீண்டும் படுக்க வேண்டும்.

கனவுகள் அடர்ந்து வருவது இரவின் பிற்பகுதியில். தஹஜ்ஜுதுக்கு எழுந்து பழகியவருக்கு அந்த நேரம் புதிதன்று. ஆயினும் நாள்தோறும் உறக்கத்தைக் கலைப்பது உடலுக்குத் தீங்கு. மனநோய்க்கு மருந்துண்பவர் மருத்துவரைக் கேளாமல் இதில் இறங்கலாகாது.

சரித்திர மேதை இப்னு கல்தூன் (ரஹ்) அவர்களும் இத்துறையில் முயன்று பார்த்ததைத் தம் முகத்திமாவில் தெரிவிக்கிறார்கள். மந்திரம் போன்ற சில சொற்களைச் சொல்லிப் படுத்து, அறிய விரும்பியவற்றைக் கனவில் கண்டார்களாம். ஆயினும் அதனால் கனவை வரவழைக்கும் வல்லமை மனிதனுக்கு உண்டு என்றாகாது; உள்ளம் ஆயத்தமாகிறது, அவ்வளவே என்று தீர்ப்பளித்தார்கள். அச்சொற்களை நாம் தேடிப் போகவேண்டியதில்லை. ஒளூவுடன் வலப்புறம் சாய்ந்து, ஓதவேண்டியதை ஓதி உறங்குவது நமக்குப் போதும்.

எச்சரிக்கை

சுல்தான் பிற்காலத்தில் ஒரு கனவு கண்டார். மூன்று வெள்ளித் தட்டுகளில், சாண் நீளமுள்ள, சாறு ததும்பும் பேரீச்சம் பழங்கள் வந்தன. மூன்று எதிரிகளின் நாடுகளும் தம் கைக்கு வரும் என்று அதற்குப் பொருள் எழுதினார். நடந்தது என்ன? திண்டுக்கல் கோட்டை 1790-லேயே ஆங்கிலேயர் வசமாகிவிட்டது. 1792 உடன்படிக்கையில் திண்டுக்கல் சீமை உட்படப் பாதி நாடு போயிற்று. இரு புதல்வர்கள் பணயமாகச் சென்றனர். இழந்ததை மீட்கும் ஏக்கம் அவர் நெஞ்சில் கனன்றுகொண்டிருந்தது. அந்தப் பழங்கள் தட்டில் வந்தனவேயன்றிக் கைக்கு வரவில்லை.

இதனால் சுல்தானின் பெருமை குறைந்துவிடாது. கனவுகள் மூவகை என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்துள்ளார்கள். அல்லாஹ்விடமிருந்து வரும் நற்செய்தி ஒன்று; ஷைத்தானின் அச்சுறுத்தல் ஒன்று; பகலில் மனம் பேசியதே இரவில் திரும்பி வருவது மற்றொன்று. எது எவ்வகை என்று நாமே அறுதியிட்டுவிட முடியுமா? நபிமார்களின் கனவுக்கன்றோ உறுதி உண்டு! நம் கனவு கொண்டு ஹலாலும் ஹராமும் ஆகிவிடா; திருமணமோ வியாபாரமோ வழக்கோ முடிவாகிவிடக் கூடாது.

சகோதரர்களே! கனவை எழுதுங்கள், தேதியிடுங்கள், கண்டதையும் கருதியதையும் கலக்காதீர்கள். காணாததைக் கண்டதாகச் சொல்லாதீர்கள், அது பெரும்பாவம். தீய கனவு கண்டால் இடப்புறம் மும்முறை இலேசாகத் துப்பி, அல்லாஹ்விடம் காவல் தேடி, மறுபுறம் திரும்பிப் படுங்கள், பிறரிடம் சொல்லாதீர்கள். கனவில் விழித்திருக்கப் பழகுவோர் பஜ்ரு பாங்குக்கு உறங்கிவிடுவாராயின் அந்தப் பழக்கத்தால் பயன் என்ன? பேச்சில் உண்மையாளருக்கே கனவும் மெய்யாகும் என்பது நபிமொழியின் கருத்து. ஆகவே தெளிந்த கனவு வேண்டுவோர் பகற்பொழுதின் நாவிலிருந்தே அதைத் தொடங்கட்டும்.

அல்லாஹுத்தஆலா நம் உறக்கத்தையும் விழிப்பையும் நலமாக்கி வைப்பானாக! ஆமீன்.