வித்தியாசாலை வளர்த்த நாவலர்



சனிக்கிழமை தோறும் ஹவுகன்ஸ்டுவாவின் அடுக்குமாடி வீடுகளிலிருந்தும், தொடர்வண்டியில் அயலிடங்களிலிருந்தும் புத்தகப் பையுடன் நீங்கள் வந்து அமரும் வகுப்பறைகள் நமக்குச் சொந்தமானவை அல்ல. வார நாட்களில் வேறு பிள்ளைகள் படிக்கும் அறைகளிலே ஒரு நாளின் சில மணித்தியாலங்களை நாம் பெற்றிருக்கின்றோம். பாடம் முடிந்ததும் கரும்பலகையைத் துடைத்து, கதிரைகளை இருந்தபடியே ஒழுங்காக வைத்துவிட்டுச் செல்கின்றோம். நமக்கென ஒரு கட்டடம் வேண்டும் என்ற பேச்சு பெற்றோர் கூட்டங்களில் எழாத ஆண்டில்லை. முதலில் கட்டடம் என்பார் ஒரு சாரார். இருக்கும் பணம் பாடநூலுக்கும் ஆசிரியர் பயிற்சிக்குமே போதாது என்பார் மற்றொரு சாரார். இரு சாராரும் பிள்ளைகளின் நன்மையையே நாடுகின்றனர். ஆயினும் கூட்டம் முடிவின்றிக் கலைந்துவிடுகின்றது.

இக்கேள்வி புதியதன்று. ஏறத்தாழ நூற்றெழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் யாழ்ப்பாணத்திலே ஓர் இளைஞர் இதே கேள்வியை எதிர்கொண்டார். அரசாங்கத்தின் ஆதரவோ பெருஞ்செல்வமோ அவருக்கு இருக்கவில்லை. அவரே ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர். அவரைச் சமயத் தொண்டராகவும் தமிழ் வசனநடையின் தந்தையாகவும் நாம் அறிவோம். ஒரு பாடசாலையைத் தொடங்கி, அதற்குப் பொருள் தேடி, அதனைக் கொண்டு நடத்திய முகாமையாளராக அவரை நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாவலர் 1822ஆம் ஆண்டு மார்கழி மாதம் 18ஆம் நாள் நல்லூரிலே கந்தப்பிள்ளை, சிவகாமி அம்மையார் ஆகியோரின் இளைய புதல்வராகப் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஆறுமுகம். ஒன்பதாவது வயதிலே தந்தையாரை இழந்த அவரை மூத்த சகோதரர்கள் ஆதரித்துப் படிப்பித்தனர். சரவணமுத்துப் புலவர், சேனாதிராய முதலியார் ஆகிய பெரும் புலவர்களிடம் தமிழ் இலக்கண இலக்கியங்களைக் கற்றார். ஆங்கிலம் கற்பதற்காக மெதடிஸ்த மிசனைச் சேர்ந்த பேர்சிவல் பாதிரியார் நடத்திய பாடசாலையிற் சேர்ந்தார். மாணவராகப் புகுந்தவர் சில ஆண்டுகளில் அங்கேயே ஆசிரியரானார். பேர்சிவல் பாதிரியார் மேற்கொண்ட விவிலிய மொழிபெயர்ப்பிலும் அவருக்குத் துணையாயிருந்தார்.

அக்காலத்து யாழ்ப்பாணத்தில் இருவகைப் பள்ளிகள் இருந்தன. ஒன்று திண்ணைப் பள்ளிக்கூடம். ஒரு சட்டம்பியாரின் வீட்டுத் திண்ணையே அதன் கட்டடம். மணலும் ஏடுமே அதன் உபகரணங்கள். அந்தச் சட்டம்பியார் நோயுற்றாற் பள்ளியும் நின்றுவிடும். மற்றையது மிசன் பாடசாலை. 1816 முதல் அமெரிக்க மிசன் யாழ்ப்பாணத்திற் பணிபுரிந்தது. 1823இல் வட்டுக்கோட்டையில் அது நிறுவிய உயர்கல்விச் செமினரி இலங்கைக்கு வெளியேயும் புகழ் பெற்றிருந்தது. மிசன் பாடசாலைகளில் வகுப்புப் பிரிவு, நேர அட்டவணை, அச்சிட்ட நூல், சம்பளம் பெறும் ஆசிரியர், பொறுப்பேற்று நடத்தும் ஒரு சபை என யாவும் இருந்தன. நாவலர் அவற்றை உள்ளிருந்தே கண்டார். நல்லறிவு மட்டும் ஒரு பாடசாலையை நிலைநிறுத்தாது, ஒழுங்கும் நிதியும் வேண்டும் என்பதை அங்கே அவர் உணர்ந்திருத்தல் வேண்டும். மாற்றாரிடமிருந்தும் நல்ல முறையைக் கற்றுக்கொள்ள அவர் நாணவில்லை.

1847ஆம் ஆண்டின் கடைசி நாளிலே வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவர் தமது முதற் பிரசங்கத்தை நிகழ்த்தினார். அடுத்த ஆண்டு, 1848இல், வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. மிசன் பாடசாலையிற் பெற்றுவந்த சம்பள உத்தியோகத்தையும் அவ்வாண்டிலேயே துறந்தார். இல்லறத்தையும் அவர் மேற்கொள்ளவில்லை.

வித்தியாசாலை தொடங்கிய உடனே ஒரு குறை தோன்றிற்று. பிள்ளைகள் கையில் எடுத்துப் படிப்பதற்கு ஏற்ற தமிழ் நூல்கள் இல்லை. ஏட்டுப் பிரதிகள் புலவர்களுக்குரியவை. சிறுவருக்கு அவை விளங்கா. நாவலர் மாளிகை எழுப்பும் வேலையில் இறங்காமல், 1849இல் தம் மாணாக்கர் சதாசிவப்பிள்ளையுடன் சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் ஒன்றை வாங்கினார். அப்பயணத்திலேதான் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் என்னும் பட்டத்தை வழங்கியது. அவ்வியந்திரத்தைக் கொண்டு வண்ணார்பண்ணையிலே வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். பாலபாடம் என்னும் பாடநூல் வரிசை, சைவ வினாவிடை, இலக்கணச் சுருக்கம் முதலியவற்றை அவர் எழுதியது இப்பணியின் தொடர்ச்சியேயாகும். 1852இல் பெரியபுராணத்தை எல்லோரும் படிக்கத்தக்க வசனமாக்கி வெளியிட்டார். சந்தி பிரித்தும், நிறுத்தக் குறியீடுகள் இட்டும் தமிழை அச்சிட்டார். இன்று உங்கள் பாடப் புத்தகத்திலே காற்புள்ளியையும் வினாக்குறியையும் காணும்போது அவரை நினைத்துக் கொள்ளுங்கள்.

இவற்றுக்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? ஊரார் கொடுத்த தருமமே முதன்மையானது. பிரசங்கம் செய்தும், விண்ணப்பம் எழுதியும், வணிகரிடமும் பிரபுக்களிடமும் நேரிற் சென்றும் அவர் பொருள் திரட்டினார். கொடுத்தவரும் உண்டு, கொடுப்பதாகச் சொல்லி மறந்தவரும் உண்டு. அக்காலத்தில் இலங்கையில் அரசாங்க நன்கொடை மிசன் பாடசாலைகளுக்கே பெரும்பாலும் கிடைத்தது. சைவப்பிரகாச வித்தியாசாலையோ ஆண்டுக்கணக்காக அந்த உதவியின்றியே நடந்தது. 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் அமைக்கப்பட்டு, நன்கொடை முறை மாற்றப்பட்ட பின்னர், 1870 அளவிலேதான் அரசாங்க உதவி கிடைத்தது. அதுவரை ஏறத்தாழ இருபத்திரண்டு ஆண்டுகள்! அவ்வளவு காலமும் ஒவ்வொரு மாதமும் ஆசிரியரின் படிக்கும் பிள்ளைகளின் தேவைக்கும் வழி தேடவேண்டிய பொறுப்பு அவர் தலைமேல் இருந்தது.

நாம் வாழும் நோர்வே நாட்டின் பழைய வரலாறும் இதற்கு ஒப்பானதே. டென்மார்க் மன்னரின் ஆட்சிக்குட்பட்டிருந்த காலத்தில், 1739ஆம் ஆண்டு, நாடெங்கும் பாடசாலைகள் வேண்டுமென்று அரச கட்டளை பிறந்தது. செலவைத் தாங்க இயலாதென்று மக்கள் முறையிட்டமையால், இரண்டு ஆண்டுகளுக்குள், 1741இல், அக்கட்டளை தளர்த்தப்பட்டு, ஒவ்வொரு ஊரவரும் தத்தம் வசதிக்கேற்ப நடத்தும்படி விடப்பட்டது. நாட்டுப்புறங்களில் நெடுங்காலம் பாடசாலைக்குக் கட்டடமே இருக்கவில்லை. ஆசிரியர் பண்ணைக்குப் பண்ணை நடந்து சென்று, வீட்டுக் கூடத்திலே பாடம் சொன்னார். 1860ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே நிலையான பாடசாலை வீடுகள் பெருகின. 1889ஆம் ஆண்டுச் சட்டங்கள் பாடசாலை நிருவாகத்தை உள்ளூர்ச் சபைகளிடம் கொடுத்தன. இன்று நாம் வியந்து பார்க்கும் ஒஸ்லோ நகரத்துப் பாடசாலைகளும் ஒரே நாளில் எழுந்தவையல்ல.

மீண்டும் நாவலரிடம் வருவோம். 1864இல் தில்லைச் சிதம்பரத்திலும் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலும் அவரது தூண்டுதலாற் பாடசாலைகள் தோன்றின. இவ்வளவு வெற்றி பெற்றவருக்கும் ஒரு தோல்வி நேர்ந்தது. அதனை நம் பிள்ளைகளுக்கு மறைத்தல் கூடாது.

தமிழும் சமயமும் மட்டும் கற்பித்தாற் பிள்ளைகள் உத்தியோகத்தின் பொருட்டு வேறிடம் நாடுவர் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். ஆகவே 1872இல் வண்ணார்பண்ணையிலே சைவாங்கில வித்தியாசாலை ஒன்றைத் தொடங்கினார். சைவச் சூழலில் ஆங்கிலக் கல்வி அளிப்பது அதன் நோக்கம். ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியருக்கு உயர்ந்த சம்பளம் வேண்டும். நூல்களும் விலை கூடியவை. பொருள் முட்டுப்பாட்டினால் நான்கு ஆண்டுகளளவில் அப்பாடசாலை மூடப்பட்டது. நாவன்மை மிக்க ஒருவர், மக்கள் மதித்துப் போற்றிய ஒருவர், முன்னரே பாடசாலைகள் நடத்திப் பழகிய ஒருவர். அவராலும் மாதந்தோறும் தவறாது வரும் வருமானம் இல்லாமல் ஒரு பாடசாலையைக் காப்பாற்ற முடியவில்லை.

இதனைப் படிக்கும்போதெல்லாம் தாயகத்தில் நான் படிப்பித்த ஒரு சிறு கிராமப் பாடசாலை என் நினைவுக்கு வரும். புதிய மண்டபம் ஒன்றுக்கு ஊர் கூடி, மேளதாளத்தோடு அத்திவாரக்கல் நாட்டினோம். அன்றைக்குக் கைநிறையக் கொடுத்தனர். சுவர் யன்னல் மட்டத்துக்கு வந்தபோது பணம் முடிந்துவிட்டது. கூரைக்கு எவ்வளவு, ஓட்டுக்கு எவ்வளவு, தச்சருக்கு எவ்வளவு என்று நாங்கள் யாரும் முன்னரே எழுதிப் பார்க்கவில்லை. இரண்டு மாரிகள் அந்தச் சுவரை நனைத்தன. பிள்ளைகள் வழமைபோல வேப்பமரத்தின் கீழேயே படித்தனர். அக்குழுவில் நானும் ஒருவன். அந்தப் பிழையில் எனக்கும் பங்குண்டு.

சைவாங்கில வித்தியாசாலை மூடப்பட்ட அக்காலத்திலேயே யாழ்ப்பாணத்தைப் பஞ்சமும் கொள்ளை நோயும் வாட்டின. நாவலர் மனந்தளரவில்லை. அரிசியும் பணமும் சேர்த்துக் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார். ஓயாத உழைப்பினால் உடல் நலிந்து, 1879ஆம் ஆண்டு மார்கழி மாதம் 5ஆம் நாள், ஐம்பத்தேழாவது வயது நிறைவதற்குச் சில நாட்களே இருக்கையில், இறைவனடி சேர்ந்தார்.

ஆயினும் அவர் எண்ணியது அவரோடு மறையவில்லை. தனியொருவரின் தோளில் ஒரு பாடசாலையை ஏற்றிவைத்தல் ஆகாது என்பதைப் பின்வந்தோர் விளங்கிக்கொண்டனர் போலும். 1888இல் சைவ பரிபாலன சபை நிறுவப்பட்டது. அச்சபையின் ஆதரவில் 1890இல் அதே வண்ணார்பண்ணையில் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி எழுந்தது. நாவலர் நான்கு ஆண்டுகள் நடத்தி மூடிய ஆங்கிலப் பாடசாலையின் நோக்கம் இவ்வாறு நிறைவேறிற்று. 1923இல் சைவ வித்தியா விருத்திச் சங்கம் தோன்றிற்று. இந்து போர்ட் என்று மக்கள் அழைத்த அச்சங்கம், 1960ஆம் ஆண்டையடுத்து அரசாங்கம் பாடசாலைகளைப் பொறுப்பேற்கும் வரை, வடக்கின் பல ஊர்களிலும் பாடசாலைகளை நடத்தியது. முன்னர் ஒருவர் சுமந்த பாரத்தை இப்பொழுது சபை சுமந்தது. ஒரு முகாமையாளர் போனால் மற்றொருவர் வந்தார். கணக்கேடு கைமாறிற்று. பாடசாலை நிற்கவில்லை.

பெரியோரின் வரலாற்றை எழுதும்போது குறையையும் சொல்லுதல் முறை. அக்காலத்து யாழ்ப்பாணத்தின் சாதி வேற்றுமையை நாவலர் கடந்தாரில்லை. அவர் போற்றிய கல்வி எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒருங்கே கிட்டவில்லை. அந்தக் கதவு திறப்பதற்குப் பின்னும் நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. நம் பாடசாலையில் எந்த ஊரவர், எந்தச் சமயத்தவர், எக்குடியினர் என்று கேளாது பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கின்றோம். இவ்வொன்றில் நாம் அவரைக் காட்டிலும் ஓரடி முன்னே நிற்கின்றோம். அதனை ஒருபோதும் இழத்தல் ஆகாது.

இனி நமது கட்டடக் கேள்விக்கு வருவோம். நாவலரின் வாழ்வு கட்டடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. எதற்குப்பின் எது என்பதையே அது காட்டுகின்றது. அவர் முதலில் ஆசிரியரைக் கண்டார், அடுத்து நூலைக் கண்டார், மாதச் செலவுக்கு ஓயாது வழி தேடினார். அந்த மூன்றாவது தவறிய இடத்திலே பாடசாலை மூடப்பட்டது. கட்டுதற்கு ஆகும் பணம் ஒருமுறை கொடுப்பது. நடத்துதற்கு ஆகும் பணமோ என்றென்றும் கொடுப்பது. நோர்வேயின் பனிக்காலத்திலே ஒரு கட்டடத்தைச் சூடாக்கவும், கூரையைப் பேணவும், வரியும் காப்புறுதியும் செலுத்தவும் ஆண்டுக்கு எவ்வளவு ஆகும் என்பதை முதலில் எழுதிப் பார்ப்போம். அத்தொகை நம் மாதச் சந்தாவிலிருந்து ஐந்தாண்டுகளுக்குத் தவறாது வருமா என்று கணக்கிடுவோம். வருமெனின் அஞ்சாது கட்டுவோம். வராதெனின் இரவல் அறையிலே நன்றியோடு படிப்போம். சிறுகச் சிறுகச் சேர்ப்போம். அதில் வெட்கம் ஏதுமில்லை.

பெற்றோர்களே, இந்நாட்டவர் டுக்னாட் என்று அழைக்கும் கூட்டுழைப்பு நமக்கு அந்நியமானதன்று. கோயிற் கேணி தூர்வாரியதும், பள்ளிக்குக் கிடுகு வேய்ந்ததும் நம் ஊரில் அவ்வாறுதான். ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு வாருங்கள். வரவு செலவு அறிக்கையை வாசித்துக் கேள்வி கேளுங்கள். கேள்வி கேட்பது குற்றம் காண்பதாகாது. பொறுப்பில் இருப்போரும் அதனை அவ்வாறே கொள்வாராக. நிருவாக சபையில் ஓராண்டாவது இருந்து பாருங்கள்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த சனிக்கிழமை பாடம் முடிந்ததும் கதிரையை மேசையோடு சேர்த்து வைக்கும்போது, இருபத்தைந்து வயதில் சம்பளத்தைத் துறந்து பள்ளி தொடங்கிய அந்த நல்லூர் இளைஞரை ஒருகணம் நினையுங்கள். நாளை இந்தச் சபையில் தலைவராகவும் பொருளாளராகவும் இருக்கப்போகின்றவர்கள் நீங்களே. அன்று கட்டடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கணக்கேட்டை எங்களிடமிருந்து சுத்தமாகப் பெற்றுக்கொள்ளும் நிலையை உங்களுக்கு ஆக்கித் தருவது எங்கள் கடன்.

வாழ்க நாவலர் நாமம்! வளர்க நம் தமிழ்ப் பாடசாலை!