பால் ஜூலியஸ் ராய்ட்டர்

பால் ஜூலியஸ் ராய்ட்டர் (ஜூலை 21, 1816 - பெப்ரவரி 25, 1899) ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த தொழில் முனைவோர் ஆவார். ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தைத் தொடங்கியவர் என்றே பெரிதும் அறியப்படுகிறார். எனினும் அவரது முதல் சரக்கு செய்தி அன்று, விலை. ஒரு நகரத்துப் பங்கு விலைகளை மற்றொரு நகரத்து வணிகர்களுக்குப் பிறரை விட விரைவில் தெரிவிப்பதே அவரது தொழிலாக இருந்தது.

இளமை

காசெல் நகரில் ஒரு யூத மதகுருவின் மகனாகப் பிறந்தார். இயற்பெயர் இஸ்ரேல் பேர் யோசபாத். இளம் வயதில் கோட்டிங்கனில் உறவினர் ஒருவரின் வங்கியில் பணிபுரிந்தார். கணிதவியலாளர் காஸ், வெபருடன் இணைந்து 1833 இல் மின்தந்தியைச் சோதித்துப் பார்த்ததும் இதே ஊரில்தான். 1845 இல் லண்டனில் கிறித்தவ மதத்தைத் தழுவிப் புதிய பெயரை ஏற்றார். பெர்லினில் நடத்திய புத்தகக் கடை அரசியல் வெளியீடுகளால் சிக்கலுக்குள்ளாக, 1848 இல் பாரிசு சென்று ஆவாசு செய்தி நிறுவனத்தில் சேர்ந்தார்.

புறாத் தூது

1849 இல் பெர்லினிலிருந்து ஆகென் வரை தந்திக் கம்பி வந்தது. மறுபுறம் பாரிசிலிருந்து பிரசெல்சு வரை கம்பி இருந்தது. இடையில் ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பி இல்லை. தொடர்வண்டி இத்தொலைவைக் கடக்க ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் பிரசெல்சில் வந்திறங்கிய பாரிசு விலைகள் பழையனவாகிவிடும். 1850 ஏப்ரலில் ராய்ட்டர் இவ்விடைவெளியைப் புறாக்களால் நிரப்பினார். புறா தன் கூட்டுக்கு மட்டுமே திரும்பும் என்பதால், ஆகெனில் வளர்ந்த புறாக்கள் தொடர்வண்டியில் பிரசெல்சுக்கு அனுப்பப்பட்டன. மெல்லிய தாளில் எழுதிய விலைகளைச் சுமந்து அவை சுமார் இரண்டு மணி நேரத்தில் வீடு திரும்பின. வாடிக்கையாளர் எவரும் முந்திக்கொள்ளாதிருக்க, அனைவரையும் ஓர் அறையில் வைத்துப் பூட்டி ஒரே நேரத்தில் விலைகளை அறிவித்தார் என்றும் சொல்லப்படுவதுண்டு. கம்பி முழுமையடைந்ததும் புறாக்களுக்கு வேலையில்லாமற் போயிற்று.

லண்டனில்

1851 அக்டோபரில் லண்டன் பங்குச் சந்தைக்கு அருகில் அலுவலகம் திறந்தார். அடுத்த மாதமே டோவர் - கலே கடலடிக் கம்பிவடம் பயன்பாட்டுக்கு வந்தது தற்செயலன்று. அதை எதிர்பார்த்தே அவர் வந்திருந்தார். லண்டன், பாரிசு சந்தை விலைகள் நாள்தோறும் இரு திசைகளிலும் சென்றன. செய்தித்தாள்களோ 1858 வரை அவரைப் பொருட்படுத்தவில்லை.

1863 இல் அயர்லாந்தின் தென்மேற்கு முனையிலுள்ள குரூக்கேவன் வரை சொந்தத் தந்தி வழி அமைத்தார். அமெரிக்கக் கப்பல்கள் கடலில் எறியும் செய்திக் குப்பிகளைப் படகுகள் எடுத்துவர, கப்பல் துறைமுகம் சேருமுன்பே செய்தி லண்டனை அடைந்தது. 1866 இல் அவரது நிறுவனம் பம்பாயில் அலுவலகம் திறந்தது.

அதே ஆண்டு நிலைபெற்ற அட்லாண்டிக் கம்பிவடத்தில் 20 சொற்களுக்குத் தொடக்கத்தில் 20 பவுண்டு கட்டணம். இத்தகைய செலவைக் குறைக்க, வணிகர்களின் தனிப்பட்ட செய்திகளைக் குறிமொழியில் சுருக்கி, பலருடையதை ஒன்றாகக் கட்டி அனுப்பும் சேவையை நிறுவனம் 1870களில் கிழக்கு நாடுகளுக்கு நடத்தியது. 1890களில் தந்திவழிப் பண அனுப்பீட்டிலும் இறங்கியது. ஓர் ஊரில் பணத்தைச் செலுத்தினால், தந்தி கண்டு மற்றோர் ஊரில் அத்தொகை வழங்கப்படும். பணம் பயணிக்கவில்லை, செய்தி மட்டுமே பயணித்தது.

பாரசீக உரிமம்

1872 இல் பாரசீக மன்னர் நசீருத்தீன் ஷா தொடர்வண்டிப் பாதை, சுரங்கம் உள்ளிட்ட நாட்டு வளங்களை ராய்ட்டருக்கு உரிமமாக அளித்தார். ஒரு நாடு தனியொருவருக்கு இவ்வளவு எழுதிக் கொடுத்தது வியப்புக்குரியது. உள்நாட்டிலும் உருசியாவிலும் எழுந்த எதிர்ப்பால் 1873 இல் அது நீக்கப்பட்டது. ஈடாக 1889 இல் பாரசீக இம்பீரியல் வங்கியைத் தொடங்கும் உரிமை கிடைத்தது.

இறுதிக் காலம்

1871 இல் பாரன் பட்டம் பெற்றார். 1878 இல் நிர்வாகப் பொறுப்பை மகன் எர்பர்ட்டிடம் ஒப்படைத்தார். பிரான்சின் நீசு நகரில் காலமானார். உடல் லண்டன் வெஸ்ட் நார்வுட் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் தொடங்கிய நிறுவனம் 1973 இல் நாணய மாற்று விலைகளைக் கணினித் திரையில் காட்டும் சேவையையும், 1981 இல் அத்திரை வழியே வணிகம் பேசி முடிக்கும் சேவையையும் தொடங்கியது.