அகஸ்டஸ் டி மோர்கன்

அகஸ்டஸ் டி மோர்கன் (ஜூன் 27, 1806 – மார்ச் 18, 1871) மதுரையில் பிறந்த ஆங்கிலேயக் கணிதவியலாளரும் ஏரணவியலாளரும் ஆவார். கணக் கோட்பாட்டிலும் ஏரணத்திலும் பயன்படும் டி மோர்கன் விதிகள் இவரது பெயரால் வழங்குகின்றன. முழு வர்க்க எண்ணை அடிப்படையாகக் கொண்டு இவர் அமைத்த வயதுப் புதிரும் புகழ்பெற்றது.

இளமை

இவரது தந்தை ஜான் டி மோர்கன் கிழக்கிந்தியக் கம்பனியின் படை அதிகாரி ஆவார். பிறந்த சிறிது காலத்திலேயே இவர் வலக்கண் பார்வையை இழந்தார். ஏழு மாதக் குழந்தையாக இருந்தபோது குடும்பம் இங்கிலாந்துக்குச் சென்றது. 1816 இல் தந்தை இறந்தார். 1823 இல் கேம்பிரிட்ஜின் ட்ரினிட்டி கல்லூரியில் சேர்ந்து, 1827 இல் கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்றார். முதுகலைப் பட்டம் பெறுவதற்கு அக்காலத்தில் சமய உறுதிமொழி அளிக்க வேண்டியிருந்தது. மனச்சான்றுக்கு மாறாக அதனை அளிக்க மறுத்ததால் அங்கு மேற்கொண்டு உயர இயலவில்லை.

பேராசிரியர் பணி

சமயச் சோதனையின்றித் தொடங்கப்பட்ட லண்டன் பல்கலைக்கழகம் (பின்னாளில் யுனிவர்சிட்டி கல்லூரி) 1828 இல் 21 வயதே ஆன இவரைக் கணிதப் பேராசிரியராக நியமித்தது. உடன் பணியாற்றிய பேராசிரியர் ஒருவர் நீக்கப்பட்டதைக் கண்டித்து 1831 இல் பதவி விலகினார்; 1836 இல் மீண்டும் பணியேற்றார். ஜேம்ஸ் மார்ட்டினோ என்பவருக்கு அவரது சமய நிலைப்பாடு காரணமாகப் பேராசிரியர் பதவி மறுக்கப்பட்டபோது, கல்லூரி தன் கொள்கையைக் கைவிட்டதாகக் கருதி 1866 இல் இரண்டாம் முறையாக விலகினார்.

வயதுப் புதிர்

தம் வயதைக் கேட்போருக்கு, ஓர் எண்ணின் வர்க்கமாக அமைந்த ஆண்டில் தமக்கு வயது அந்த எண்ணாகவே இருந்தது என்று விடையளிப்பது இவர் வழக்கம். இதற்கு விடை காண, அண்மைய முழு வர்க்க எண்களை அறிந்தால் போதும்.

42² = 1764
43² = 1849
44² = 1936

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடங்கும் வர்க்கம் 1849 மட்டுமே. எனவே 1849 இல் இவரது வயது 43; பிறந்த ஆண்டு 1849 − 43 = 1806.

வயதை ந எனக் கொண்டால், பிறந்த ஆண்டு ந² − ந, அதாவது ந(ந − 1) ஆகும். ஆகவே அடுத்தடுத்த இரு எண்களின் பெருக்கற்பலனாக அமையும் ஆண்டில் பிறந்தவருக்கே இது பொருந்தும். 1806 = 42 × 43. இதனையடுத்து 1892 (43 × 44), 1980 (44 × 45) ஆகிய ஆண்டுகளில் பிறந்தோர் முறையே 1936, 2025 ஆகிய ஆண்டுகளில் இப்பேற்றைப் பெற்றனர். அடுத்த வாய்ப்பு 2070 இல் பிறப்போருக்கே.

பங்களிப்புகள்

* இரு கணங்களின் ஒன்றிப்பின் நிரப்பி, அவற்றின் நிரப்பிகளின் வெட்டுக்குச் சமம் என்பது டி மோர்கன் விதிகளுள் ஒன்று. இலக்கமுறை மின்சுற்றுகளை எளிமையாக்கவும், கணினி நிரல்களில் நிபந்தனைகளைச் சுருக்கவும் இவ்விதிகள் பயன்படுகின்றன.
* கணிதத் தொகுத்தறிதல் முறைக்குப் பெயரிட்டு, 1838 இல் தெளிவாக விளக்கினார்.
* நான்கு நிறச் சிக்கலைத் தம் மாணவர் வழியாக அறிந்து, 1852 இல் ஹாமில்டனுக்கு எழுதினார். அது 1976 இல் கணினியின் துணையுடன் நிறுவப்பட்டது.
* டெல்லி ஆசிரியர் ராமச்சந்திராவின் கணித நூலை முன்னுரையுடன் 1859 இல் லண்டனில் வெளிவரச் செய்தார்.

இறுதிக்காலம்

1865 இல் லண்டன் கணிதக் கழகத்தின் முதல் தலைவரானார். அதன் தோற்றத்துக்கு உழைத்த இவரது மகன் ஜார்ஜ் 1867 இல் இறந்தார். அத்துயரால் நலிவுற்ற டி மோர்கன் 1871 இல் லண்டனில் காலமானார். நிலவின் குழிப்பள்ளம் ஒன்றுக்கு இவரது பெயர் இடப்பட்டுள்ளது.