சம்பளம் வாங்காத பேராசிரியரும் தொட்டாற்சுருங்கியும்

வட்டகொடையில் பாதையோரத் தொட்டாற்சுருங்கியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஜகதீஷ் சந்திர போஸ் நினைவுக்கு வருவார்.

1858இல் வங்காளத்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்துத் திரும்பி, 1885இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பேராசிரியரானார். வெள்ளையருக்குக் கொடுத்த சம்பளம் இந்தியருக்கு இல்லை என்றார்கள். மூன்று வருடங்கள் பாடம் நடத்தினார், சம்பளத்தைத் தொடவில்லை. கடைசியில் முழுச் சம்பளமும் நிலுவையோடு கிடைத்தது.

பிறகு செடிகளின் பக்கம் திரும்பினார். தொட்டாற்சுருங்கியில் மின் துடிப்பு ஓடுவதைத் தானே வடிவமைத்த கருவிகளால் அளந்தார். 1901இல் லண்டனில் உடலியல் அறிஞர்கள் எதிர்த்தார்கள். 1917இல் கல்கத்தாவில் சொந்த ஆய்வு நிலையம் தொடங்கினார். 1920இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1937இல் காலமானார்.

அந்தத் துடிப்பின் அடிப்படையைப் பின்வந்தவர்கள் விளக்கினார்கள். இலை அசையாமல் இருக்கும்போதும், ஒவ்வொரு கலமும் சக்தியைச் செலவழித்து ஐதரசன் அயன்களை வெளியே தள்ளுகிறது. அதனால் மென்சவ்வின் உட்புறம் மறையேற்றத்தோடு நிற்கிறது. தொட்டதும் அந்த ஏற்றம் சட்டென்று குறைகிறது. அதுதான் துடிப்பு. இலைக்காம்பின் அடியிலுள்ள கலங்களிலிருந்து அயன்களும் தண்ணீரும் வெளியேற, இலை மடிகிறது. பழைய நிலைக்குத் திரும்பவும் சக்தி வேண்டும்.

ஓய்வு என்பது சும்மா இருப்பதல்ல. நியாயமான சம்பளத்துக்காகப் பல தலைமுறையாகப் பொறுத்திருக்கும் மலையகச் சனத்தின் அமைதியையும் யாரும் சும்மா இருப்பதாக எண்ணக்கூடாது.