நாய்களில் தொடங்கிய வீழ்ச்சி

1489-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சூரிக் நகர மன்றம் ஓர் ஆணை பிறப்பித்தது. நகரின் ஆளுகைக்கு உட்பட்ட கிராமங்களில் உழவர்கள் வளர்க்கும் பெரிய நாய்களைக் கொன்றுவிட வேண்டும்; அவை வேட்டை விலங்குகளைத் துரத்துகின்றன, திராட்சைத் தோட்டங்களைப் பாழாக்குகின்றன என்பது மன்றம் சொன்ன காரணம். உழவர்களுக்கோ அவை வீட்டையும் மந்தையையும் காக்கும் காவல். ஏரிக்கரை ஊர்கள் ஆணையை ஏற்க மறுத்தன. சில வாரங்களுக்குள் அந்த மறுப்பு ஆயுதமேந்திய கூட்டமாகத் திரண்டு நகர மதிலை நெருங்கியது. ஏப்ரல் 6 அன்று, ஆணைக்குப் பின்னிருந்த மேயரின் தலை வெட்டப்பட்டது.

அந்த மேயர் ஹான்ஸ் வால்ட்மன். அவரும் உழவர் குடியில் பிறந்தவர் என்பதுதான் இந்த வரலாற்றின் உறுத்தல்.

1435-இல், இன்றைய சூக் மாநிலத்தின் பிளிக்கன்ஸ்டார்ஃப் என்ற சிற்றூரில் அவர் பிறந்தார். இளவயதிலேயே சூரிக் வந்து, 1452-இல் நகரக் குடியுரிமை பெற்றார். தையல் தொழில் பயின்றார், பின்னர் தோல் பதனிட்டார். ஆயினும் அவர் மனம் கூலிப்படையிலும் சண்டையிலுமே இருந்தது. அடிதடிக்காக நீதிமன்றத்தில் அபராதம் கட்டியது ஒருமுறை இருமுறை அல்ல. 1464-இல் அன்னா லாண்டோல்ட் என்ற விதவையை மணந்ததும் அவர் நிலை மாறியது. அன்னாவின் முதல் கணவர் ஐன்சீடல்ன் மடத்தின் அலுவலராகச் சூரிக்கில் இருந்தவர். அந்தப் பதவி வால்ட்மனுக்கு வந்தது. அதோடு இரும்பு வணிகமும் செல்வமும் வந்தன. மிடாவில் வந்த பணம் மட்டும் அவரை உயர்த்திவிடவில்லை. உயர்த்தியது போர்.

பர்கண்டி கோமகன் சார்லஸ், அன்றைய ஐரோப்பாவின் மிகச் செல்வமிக்க ஆட்சியாளர்களுள் ஒருவர். சுவிஸ் கூட்டமைப்பு அவரை எதிர்த்து நின்றது. 1476 ஜூன் 22 அன்று முர்ட்டன் களத்தில், ஈட்டி வீரர்களின் மையப்படையை நடத்தியவர்களுள் முதன்மையானவர் வால்ட்மன். அந்தக் களத்திலேயே அவருக்கு வீரப்பட்டம் சூட்டப்பட்டது. 1477 ஜனவரி 5 அன்று நான்சியில் சார்லஸ் கொல்லப்பட்ட போரிலும் அவர் இருந்தார். தையற்கடையில் ஊசி பிடித்த இளைஞர், நாற்பத்திரண்டு வயதில் மன்னர்கள் நாடும் மனிதரானார். பிரான்சும் மிலானும் ஆண்டுதோறும் அவருக்குப் பணம் அனுப்பின. அக்காலத்தில் இது கூட்டமைப்பின் தலைவர்களிடையே பரவலான வழக்கம்தான்; ஆனால் அவரைப்போல் அள்ளியவர் சிலரே.

ஒட்டகச் சின்னம் கொண்ட கேம்பல் தொழிற்குழுவின் தலைவராக இருந்த அவர், பழைய பெருங்குடிகளின் தலைவர் ஹைன்ரிக் கோல்ட்லியை ஓரங்கட்டி, 1483-இல் மேயரானார். மேற்குடியினரின் இடங்களைக் குறைத்துத் தொழிற்குழுக்களின் பிடியை மன்றத்தில் இறுக்கினார். இதுவரை அவரை ஒரு மக்கள் தலைவராக எண்ணலாம். அந்த எண்ணத்தை அவரே கலைத்தார். திருமண விருந்துக்கு எத்தனை பேர், உடைக்கு எவ்வளவு செலவு என்றெல்லாம் கட்டுப்பாடுகள் விதித்தார். தம் சொந்த வாழ்விலோ ஆடம்பரத்துக்கும் இன்பத்துக்கும் குறையில்லை. கிராமத்து வணிகத்தை நகரச் சந்தைகளுக்கே திருப்பினார். வேளாண் குடியில் பிறந்தவரின் ஆட்சியில்தான் நகரம் கிராமத்தின் கழுத்தில் மிக அழுத்தமாகக் கால் வைத்தது.

1487-இல் நடந்ததை எந்த ஆதரவாளரும் நியாயப்படுத்துவது கடினம். ஃபிரிஷ்ஹான்ஸ் தைலிங், லூசர்னைச் சேர்ந்த படைத்தலைவர். 1478-இல் ஜோர்னிகோவில் மிலான் படையை முறியடித்தவர்களுள் ஒருவர். சூரிக்கின் கொடியை இழித்துப் பேசினார் என்ற பழைய குற்றச்சாட்டில், சூரிக்குக்கு வந்த இடத்தில் அவரைப் பிடித்துத் தலை வெட்டினார்கள். நட்பு மாநிலத்தின் வீரர் அவர் என்பதும் தடையாக இல்லை. மிலானிடம் பணம் பெறுபவர் மிலானை வென்றவரைக் கொன்றார் என்ற பேச்சு எழுந்தது. லூசர்ன் அதை மறக்கவில்லை.

எனவே, உழவர்கள் மதிலடியில் நின்றபோது அவருக்காகக் குரல் கொடுக்க ஆளில்லை. சமரசம் பேச வந்த கூட்டமைப்புத் தூதர்களாலும் பயனில்லை. நகருக்குள்ளேயே பழைய பகைவர்கள் உழவர்களின் கோபத்தைத் தம் கருவியாக்கினர். ஏப்ரல் 1 அன்று கைதான அவர், லிம்மாட் ஆற்றின் நடுவே நின்ற வெல்லன்பர்க் கோபுரத்தில் சித்திரவதைக்குள்ளானார். ஐந்து நாட்களில் எல்லாம் முடிந்தது. அதை நீதி என்று அழைக்க மனம் வரவில்லை. தைலிங்குக்குக் கிடைத்ததும் அதுவே. வால்ட்மனின் கூட்டாளிகள் சிலரும் தலை இழந்தனர். ஃபிரௌமுன்ஸ்டர் தேவாலயத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். அதே தேவாலயத்தின் அருகே, 1937-இல் ஹெர்மன் ஹாலர் வடித்த அவரது குதிரைச் சிலை நிறுவப்பட்டபோது நகரம் மீண்டும் சச்சரவிட்டது.

அவர் சாவுக்குப் பின், மே 9 அன்று கூட்டமைப்பு மாநிலங்கள் நகருக்கும் கிராமங்களுக்கும் இடையே தீர்ப்புக் கடிதங்கள் எழுதின. கிராமத்தார் தம் விளைபொருளை விரும்பியவருக்கு விற்கலாம் என்பன போன்ற உரிமைகள் அவற்றில் இருந்தன. அக்கடிதங்கள் வால்ட்மனின் பெயராலேயே வழங்கின. மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின், 1795-இல், ஏரிக்கரையின் ஸ்டேஃபா ஊரார் அப்பழைய உரிமைகளைச் சுட்டிக்காட்டியபோது, சூரிக் அரசு படையனுப்பி ஊரைக் கைப்பற்றியது. அவர்களின் முதியவர் யாகோப் போட்மரைக் கொலைக்களத்துக்கு அழைத்துச் சென்று, தலைக்கு மேல் வாளைச் சுழற்றிக் காட்டி, பின் சிறையில் அடைத்தது.