துபாஷிகள் தின்ற கூலி



ஆபீசுக்கு ஆபீஸ் பரிதானம் என்று நம் ஜெபக்கூட்டங்களில் பாரத்தோடு ஜெபிக்கிறோம். நல்லதுதான். ஆனால் சபை எழும்பி ஊழலைக் கண்டித்துப் பேசினால் ஊர் காது கொடுக்குமா? இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு சுவார்ட்ஸ் ஐயர் ஞாபகம் வரும்.

1726-ல் ஜெர்மனியில் பிறந்தவர். 1750-ல் தரங்கம்பாடிக்கு வந்தார். தமிழ் கற்று, திருச்சியிலும் தஞ்சையிலும் சாகும்வரை ஊழியம் செய்தார். லுத்தரன் மிஷனெரி. நம்ம பெந்தெகொஸ்தே அனுபவம் அவருக்குக் கிடையாது. ஆனாலும் காசு விஷயத்தில் அவர் பக்கத்தில் நிற்க எனக்குக் கூச்சமா இருக்கு.

1779-ல் சென்னை கவர்னர் அவரை சமாதானத் தூதராக ஐதர் அலியிடம் அனுப்பினார். (அந்த கவர்னர்மேலேயே பிறகு ஊழல் குற்றச்சாட்டு லண்டன் பார்லிமெண்ட் வரை போனது!) நம்ம கரூர் வழியாக, கஜலட்டி கணவாய் ஏறி, ஸ்ரீரங்கப்பட்டணம் போனார். ஐதர் வழிச்செலவுக்கு 300 ரூபாய் கொடுத்தார். ஐயர் அதைத் தன் பையில் போட்டுக்கிட்டாரா? சர்க்காரிடம் ஒப்படைத்தார். அவர்கள் வேண்டாம் என்றதும், தஞ்சையில் ஒரு தர்மப் பள்ளிக்கூடத்துக்கு ஆக்கினார்.

சமாதானம் நிலைக்கவில்லை. 1780-ல் ஐதர் படையெடுத்தார். தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம். கிராமங்களில் நெல் இருந்தது, சுமந்து வர மாடு இல்லை. ஏன்? முன்பு நெல் கொண்டுவந்த ஏழைகளின் கூலியை துபாஷிகள் இடையிலேயே தின்றுவிட்டார்கள். ராஜா சொல்லியும் ஜனம் நம்பவில்லை, கம்பெனி சொல்லியும் நம்பவில்லை. கடைசியில் ஐயர், என் கையால் கூலி கொடுக்கிறேன் என்று சொல்லியனுப்பினார். ஓரிரண்டு நாளில் ஆயிரம் மாடுகள் வந்தன. கொஞ்ச நாளில் 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் சேர்ந்தது. சொன்னபடியே கூலி கொடுத்தார். கையில் போதாததால் பிறர் பணத்தையும் வாங்கித்தான் கொடுத்தார்.

1798 பிப்ரவரி 13-ல் தஞ்சையில் மரித்தார். அவருடைய பாதுகாப்பில் வளர்ந்த சரபோஜி மன்னர் கடைசிவரை இந்துதான். அவரே இங்கிலாந்தில் சலவைக்கல் சிற்பம் செய்வித்து, தஞ்சை ஆலயத்தில் வைத்தார். இன்றும் இருக்கிறது.

இப்போ என் கதை. ஊழியத்தோடு நான் பத்து பவர்டேபிள் வைத்து பனியன் தைக்கிற ஜாப் ஒர்க் எடுத்து நடத்தினேன். பார்ட்டியிடமிருந்து பில் பணம் இழுக்கும். சனிக்கிழமை கூலியை நானும் இழுத்தேன். ஞாயிற்றுக்கிழமை தசமபாகம் மட்டும் தவறாது. நம் சபைக்கு வந்துகொண்டிருந்த, என்னிடம் வேலை செய்த ஒரு சகோதரி ஆராதனைக்கு வருவதை நிறுத்தினார். பின்மாற்றம் என்று பிரசங்க மேடையிலேயே சொன்னேன்! தஞ்சைக் கதையை வாசித்த ராத்திரி தூக்கம் வரவில்லை. மூணு வாரக் கூலிப் பாக்கியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

பணத்தை வாசலிலேயே எண்ணிப் பார்த்துவிட்டுத்தான், உள்ளே வாங்க பாஸ்டர் என்றார்.