கரண்ட்டுக்குக் கண்ணாடி வைத்தவர்

விஞ்ஞானி என்றதும் நமக்கு எடிசன், சர்.சி.வி.ராமன் ஞாபகம்தான் வரும். நான் எழுதப்போவது பாப் விட்லர் பற்றி. எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற அண்ணன், அக்காக்களுக்கு இவரை நன்றாகத் தெரியும்.

இவர் 1937 நவம்பர் 30-ல் அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்தில் பிறந்தார். அப்பா ரேடியோ இன்ஜினியர். அதனால் நம்ம வயசிலேயே ரேடியோ ரிப்பேர் கற்றுக்கொண்டார். விமானப்படையில் வேலை பார்த்துவிட்டு, 1963-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினார். அதே வருடம் ஃபேர்சைல்ட் கம்பெனியில் சேர்ந்தார்.

அப்போது ஐ.சி. சிப் வந்த புதிது. 10 வோல்ட்டில் 10 மைக்ரோ ஆம்பியர் மட்டும் ஓட வேண்டும் என்றால் சுமார் 10 லட்சம் ஓம் ரெசிஸ்டர் தேவை. அது சிப்பில் இடத்தையெல்லாம் அடைத்துக்கொள்ளும். ஆனால் ஒரே சிப்பில் பக்கத்துப் பக்கத்தில் செய்த இரண்டு டிரான்சிஸ்டர்கள் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. ஒன்றில் ஓடுகிற கரண்ட் அப்படியே இன்னொன்றிலும் ஓடும். இதற்குப் பேர்தான் கரண்ட் மிர்ரர். 2 மடங்கு கரண்ட் வேண்டுமா? இரண்டாவதை 2 மடங்கு பெரிதாகச் செய்தால் போதும்.

100-ல் 1 பங்கு வேண்டுமென்றால்? கம்பர் நம்ம ஊர் சடையப்ப வள்ளலை 100 பாட்டுக்கு ஒரு தடவை பாடினார், பிறகு அதை 1000-க்கு ஒன்றாகக் குறைத்தார் என்று கதை சொல்வார்கள். பாட்டில் விகிதத்தை மாற்றலாம். சிப்பில் 100 மடங்கு பெரிய டிரான்சிஸ்டருக்கு இடம் ஏது?

விட்லர் இரண்டாவது டிரான்சிஸ்டரின் எமிட்டரில் ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்தார். 1 மில்லி ஆம்பியரை 10 மைக்ரோ ஆம்பியர் ஆக்க சுமார் 12,000 ஓம் போதும். முதல் டிரான்சிஸ்டருக்கு இன்னொரு 10,000 ஓம் இருந்தால் சரி. 10 லட்சம் எங்கே, இது எங்கே!

1965-ல் இவர் செய்த 709 சிப் உலகமெங்கும் விற்றது. பிறகு நேஷனல் செமிகண்டக்டர் கம்பெனிக்குப் போனார். 1970-ல் செலவைக் குறைக்க அங்கே புல் வெட்டுவதை நிறுத்தினார்கள். இவர் ஒரு ஆட்டை வண்டியில் கொண்டுவந்து ஆபீஸ் முன்னால் மேயவிட்டார்!

அவருக்குக் குடிப்பழக்கம் இருந்தது. பின்னாளில் அதை விட்டுவிட்டு ஓட்டப்பயிற்சி செய்தார். 1991 பிப்ரவரியில் மெக்சிகோவில் ஓடும்போதே இறந்தார். வயது 53.

பெரிய பொருள் இல்லையே என்று அவர் உட்காரவில்லை. கையில் இருந்த சின்னதை எந்த விகிதத்தில் சேர்ப்பது என்று யோசித்தார். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. நாமும் யோசிப்போம் தோழிகளே!

– 9-ஆம் வகுப்பு மாணவி